ஒரு மில்லிமீட்டர்

ஏழு, ஏழு, மேலே ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை, போ தாயி, நீ போ என்று செண்பகவல்லி மாட்டின் கழுத்தைத் தட்டிவிட்டாள். ஒரு மாடு மட்டும் நிற்கிற அந்த இரும்புச் சட்டத்தின் முன்கதவைப் பண்ணைக்காரர் கொலின் திறந்தார், மாடு தடதடவென்று முற்றத்துக்கு ஓடியது, அடுத்தது வந்து நின்றது. நாற்பத்தொன்று ஆயிற்று, இன்னும் இருபத்திரண்டு. எண்ணுவது மட்டும் இன்றைக்கும் தமிழில்தான். இருபத்தைந்து வருஷம் இங்கிலாந்தில் டெவன் மழையில் நனைந்தும் அது ஒன்று வெளுக்கவில்லை. மனசு தமிழில் எண்ண, வாய் இங்கிலீஷில் சொல்ல, கொலினின் மகள் ஜென்னி மழைக்கோட்டுக்குள் தாளை ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினாள். மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று அறியச் செவ்வாய்க்கிழமை போட்ட ஊசிக்கு வெள்ளிக்கிழமை பலன் பார்க்கிற வேலை இது. கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து, மேலே பறவைக் காசநோய்க்கான மருந்து, கீழே மாட்டுக் காசநோய்க்கான மருந்து. மூன்று நாள் கழித்துத் தோலைக் கிள்ளிப் பிடித்துக் காலிப்பர் கருவியில் அளக்க வேண்டும். கீழே உள்ள புடைப்பு மேலே உள்ளதைவிட நாலு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் மாடு கசாப்புக்கு. நாலுக்குள் நின்றால் சந்தேகக் கேஸ், அறுபது நாள் தவணை, மறுபடி ஊசி. படித்த படிப்பு, எழுதின பரீட்சை, கடல் தாண்டி வந்த வரத்து எல்லாம் கடைசியில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கிள்ளலில் வந்து நிற்கிறது என்று அவள் புருஷன் பால்வண்ணன் கேலி செய்வார். செய்வார் என்ன, செய்தார், ஆறு வருஷம் முன்பு வரை செய்தார். அவர் போய் ஆறு வருஷமாகியும் அவளுக்கு இந்த வினைச்சொல் மட்டும் சரியாக முடிய மாட்டேன் என்கிறது. எட்டு, எட்டு, ஒன்றுமில்லை, போ.

அவள் பார்க்க விரும்பாத மாடு வரிசையின் வாலில் நின்றது. காலையில் மாடுகளை உள்ளே ஓட்டி வரும்போதே கண்ணில் பட்டுவிட்டது. ஹெட்டி, காதுத் தகட்டில் முன்னூற்றுப் பதினெட்டு, கறுப்பு வெள்ளை, கொலினின் பால்மாடுகளில் முதல் மாடு. இருபது அடி தூரத்திலிருந்தே கழுத்தின் கீழ்ப்பக்கம் ஒரு மேடு தெரிந்தது. வெளிச்சமாக இருக்கும், மயிர் சிலிர்த்திருக்கும், ஈரமாக இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசு கேட்டால்தானே. மாட்டு டாக்டர் மனசு எதை நம்பினாலும் மாட்டு டாக்டர் கண் நம்பாது. ஹெட்டி கடைசிக்கு முந்தினது, நடுவில் பத்தொன்பது கழுத்து இருக்கிறது, ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு நிமிஷம் வைத்தாலும் பத்தொன்பது நிமிஷம். பத்தொன்பது நிமிஷத்தில் ஏதாவது நடக்கலாம், எதுவும் நடக்காது, ஆனாலும் நடக்கலாம்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அந்த வீடு. இப்போது விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள், கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், ஜன்னலில் சோழி தொங்குகிறது. அவளும் பால்வண்ணனும் இருந்தபோது கதவு வெறும் மரம், மழைக்கு ஊதி மூடாமல் அடம்பிடிக்கும். பத்தொன்பது வருஷம் வாடகைக்கு இருந்தார்கள். கோவில்பட்டிக்குப் போனால் எல்லாரும் ஊர் ஞாபகம் வருமோ என்று கேட்பார்கள், அவளும் ஆமாம் என்பாள், ஆனால் கோவில்பட்டியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அவள் ஏங்கினது இந்த ஓதமடித்த இரண்டு அறைக்காகத்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். முதல் நாள் பெட்டியோடு வந்து இறங்கியபோது கொலின் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ‘ஆல்ரைட், மை லவர்?’ என்று அவளைக் கேட்டார். பால்வண்ணன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு முட்டுகிறது. டெவனில் தபால்காரனும் ரொட்டிக்கடைக்காரியும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவர் கொலினை முறைத்துக்கொண்டே திரிந்தார். எட்டாம் நாள் கொலின் அவரையும் மை லவர் என்று கூப்பிட, சண்டை தீர்ந்தது. அன்றிலிருந்து கொலின் பேசுகிற இங்கிலீஷ் அவள் காதுக்குள் நுழையும்போதே எப்படியோ கரிசல் தமிழாக மாறிவிடும். அவள் மாற்றுவதில்லை, அதுவாக மாறுகிறது. ‘என்னம்மா, குளிருதா?’ என்று இப்போதும் கேட்டார். இல்லை என்றாள். ஒன்பது, எட்டு, ஒன்றுமில்லை, போ.

பேட்ஜரை முதலில் பார்த்தவரும் பால்வண்ணன்தான். வந்த வருஷம் மே மாசம், வெளிச்சம் ஒன்பது மணி வரைக்கும் போகாத ஊரில் அந்தி நீண்டுகொண்டே இருந்தது. ‘ஏ வல்லி, சீக்கிரம் வா, சத்தம் போடாம வா, பன்னியும் இல்ல நாயும் இல்ல, நாமம் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்திருக்கார்.’ சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலில் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்தார்கள். நாயளவு உடம்பு, குட்டைக் கால், வெள்ளை முகத்தில் கண்ணை மூடி மேலேறும் இரண்டு கறுப்புக் கோடு. ஆடி அசைந்து வந்து புல்லைக் கிளறியது, அவசரமே இல்லை, ரேஷன் கடையில் வரிசை தனக்கில்லை என்று நம்புகிற ஆள் மாதிரி. நாமக்கார அண்ணாச்சி என்று அன்றைக்கே பெயர் வைத்தாயிற்று. மறுநாள் பால்வண்ணன் பறவைக்குப் போடுகிற கடலை ஒரு பை வாங்கி வந்தார். கோவில்பட்டிக்காரர் அல்லவா, முதலில் தான் இரண்டை வாயில் போட்டுப் பார்த்து, ‘இது கடலையே இல்ல, சக்கை’ என்றார், ஆனாலும் கொல்லைச் சுவரோரம் ஒரு தட்டில் வைத்தார். அண்ணாச்சி வந்தார், தின்றார், அடுத்த நாள் வீட்டம்மாவைக் கூட்டி வந்தார், அடுத்த வருஷம் பிள்ளை குட்டிகள். பால்வண்ணன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், நாளெல்லாம் இருட்டறையில் அடுத்தவர் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து, கைகால் கழுவி, தட்டு வைத்து, ஜன்னலில் நிற்பார். அவளும் நிற்பாள். பிள்ளையில்லாத வீட்டில் அந்தியில் அப்படி ஒரு வேலை இருந்தது. பேச ஒன்றும் இருக்காது, பேசவும் வேண்டாம், அவர் சட்டையில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை அடிக்கும். சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான், அதற்கு வேறு சொல் தேட வேண்டாம். ஏழு, எட்டு, போ.

சுவருக்கு இந்தப் பக்கம் மாடு, அந்தப் பக்கம் தட்டு. இதில்தான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்கிறது, எத்தனை முறை விலக்கினாலும் இங்கேயே வந்து முள்ளில் துணி மாட்டுகிற மாதிரி மாட்டுகிறது. பேட்ஜரிடமிருந்து மாட்டுக்கும் மாட்டிடமிருந்து பேட்ஜருக்கும் காசநோய் போய்வரும், இரண்டையும் எட்ட எட்ட வைக்க வேண்டும் என்று பண்ணை பண்ணையாகப் போய்ச் சொன்னது யார்? அவள்தான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஜன்னலில் நின்றது யார்? ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். ‘ஏங்க, சுவரோரம் வேண்டாம், மாடு பக்கத்துல இருக்கு.’ அவர் சிரித்தார், ‘இந்தப் பள்ளத்தாக்குலதான் சீக்கே இல்லன்னு நீயே சொல்லியிருக்கியே.’ சொல்லியிருந்தாள், அப்போது இல்லைதான். அப்புறம் கேட்கவில்லை. கேட்டால் தட்டு போய்விடும், தட்டு போனால் அந்தி போய்விடும். ஊரில் உள்ள மாட்டுக்கெல்லாம் வைத்தியம் சொன்னவள் தன் வீட்டுக் கொல்லையில் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் போன பிறகு அவள் டவுனில் ஒரு மாடி வீட்டுக்குப் போனாள், தட்டும் நின்றது. நோய் ஆறு வருஷம் காத்திருந்து வருமா? வராது என்று சொல்ல முடியாது, வரும் என்றும் சொல்ல முடியாது. இந்த நோயில் எல்லாமே அப்படித்தான்.

போன மாதம் ஊர் மன்றத்தில் நடந்த கூட்டத்திலும் அப்படித்தான். ஒரு பக்கம் விவசாயிகள், மறுபக்கம் பேட்ஜரைச் சுடக்கூடாது என்கிறவர்கள். ஒரே ஆராய்ச்சியை இரண்டு கட்சியும் எடுத்து வாசித்தார்கள், இரண்டு கட்சிக்கும் அது தங்கள் பக்கமே பேசியது. மேல் பண்ணைக்காரர் நாற்பது மாட்டை லாரியில் ஏற்றிய நாளைச் சொல்லி அழுதார், ஆறடி மனுஷன், எல்லார் முன்னாலும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி எழுந்து, நீங்கள் சுட்டதில் எத்தனைக்கு நோய் இருந்தது என்று பார்த்தீர்களா என்று கேட்டு அவளும் அழுதாள். செண்பகவல்லி நடு வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு அழுகையும் உண்மை, அதுதான் கஷ்டம். மனுஷனுக்கு வந்தால் ஆறு மாசம் மாத்திரை, மாட்டுக்கு வந்தால் கத்தி, அண்ணாச்சிக்கு வந்தால் துப்பாக்கி, ஒரே கிருமிக்கு மூணு சட்டமா என்று பால்வண்ணன் இருந்தால் கேட்டிருப்பார், யாராவது அடிக்க வந்திருப்பார்கள். பள்ளத்தாக்கில் எல்லாரும் சுடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, நடுவில் கிடக்கிற கொலினின் நிலம் ஒன்றுதான் பாக்கி, அது சேராமல் சுட முடியாது. கொலின் எழுந்து தொப்பியைக் கழற்றி, ‘என் மாட்டுக்கு வந்தா அன்னைக்கே போடுதேன், அது வரைக்கும் என்னைக் கேக்காதீங்க’ என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சொன்ன சொல் மாறாத ஆள். ஆக இன்றைக்கு ஹெட்டி கழுத்தில் உள்ளது வெறும் புடைப்பு இல்லை, கொலினின் கையெழுத்து.

கையெழுத்து விழுந்தால் கூண்டு வரும். கூண்டு வைக்கிற ஆளை அவள் தீவனக் கடையில் பார்த்திருக்கிறாள், தோளில் கடலை மூட்டை. ஒரு வாரம் கூண்டுக் கதவைத் திறந்தே கட்டி வைத்து, உள்ளே கல்லுக்கு அடியில் கடலை வைத்து, வந்து தின்னப் பழக்குவார்கள். பழகின பிறகு கட்டை அவிழ்ப்பார்கள், விடியும்போது துப்பாக்கியோடு வருவார்கள். காட்டுப் பேட்ஜர் சந்தேகப்படும், சுற்றிச் சுற்றி வரும், சிலது கடைசி வரை நுழையாது. நாமக்கார அண்ணாச்சியின் பேரன் பேத்திகளுக்கு என்ன சந்தேகம்? மனுஷ வாசனை அடித்தால் கடலை கிடைக்கும் என்று தலைமுறையாகப் படித்தவை. அவற்றைப் பழக்க ஒரு வாரம் வேண்டாம், முதல் நாளே வரிசையாகப் போய் உட்காரும். ஐயோ, பிரியமாக வைத்தோமே, பத்தொன்பது வருஷம் பிரியமாகத்தானே வைத்தோம். ‘டாக்டர்? நம்பர் சொல்லலியே’ என்றாள் ஜென்னி. எட்டு, எட்டு. போ.

வரிசை குறைந்துகொண்டே வந்து மூன்று மாடு மிச்சம், இரண்டு மாடு மிச்சம். சட்டத்துக்குள் ஹெட்டி வந்தது. வந்ததும் வழக்கம்போல அவள் சட்டைக் கையை நக்கியது, சொரசொரவென்று, உப்புக்காக. செவ்வாய்க்கிழமைக் கணக்கை ஜென்னி வாசித்தாள்: மேலே ஏழு, கீழே ஏழு. மேலே கிள்ளினாள், ஒன்பது. இரண்டு வளர்ந்திருக்கிறது. கீழே விரல் போகும்போதே தெரிந்துவிட்டது, சூடு, இறுக்கம், கிள்ள வராத தோல். காலிப்பரை வைத்தாள். பதினாலு. ஏழு வளர்ந்திருக்கிறது, ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஐந்து என்றால் கசாப்பு. பதிமூணு என்றால் நாலு, நாலு என்றால் தவணை. காலிப்பரை ஒரு பொட்டு அழுத்தினால் பதிமூணு. புடைப்பு மெத்தென்றிருக்கும், அழுத்தினால் அமுங்கும், அமுக்கியது யாருக்கும் தெரியாது, அவளுடைய கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கட்டைவிரல் பொய் சொன்னதில்லை, ஒரு பொய் சொன்னால்தான் என்ன? அறுபது நாளில் என்ன குடி முழுகிவிடும்? ஊரில் அரசாங்கப் பண்ணையில் வேலை பார்த்தபோது நோய் கண்ட மாட்டைக் கொல்லவா செய்தார்கள்? மேற்கே தனிக் கொட்டகையில் கட்டினார்கள், அதுவும் தின்றுகொண்டு அசைபோட்டுக்கொண்டு கிடந்தது, மாடசாமி என்று ஒருத்தர் அதற்கென்றே இருந்து தண்ணீர் காட்டினார். இங்கே மேற்கே கொட்டகை இல்லை. அறுபது நாள். அதற்குள் கூட்டத்தார் மனசு மாறலாம், சட்டம் மாறலாம், தடுப்பூசிக்காரர்கள் வரலாம். அழுத்து. அண்ணாச்சி பிழைப்பார், கொலின் சொன்ன சொல் பிழைக்கும், ஹெட்டி பிழைக்கும், ஜன்னலில் நின்ற பத்தொன்பது வருஷமும் குற்றமில்லாமல் பிழைக்கும். அழுத்தேன். கட்டைவிரல் அழுத்தத் தொடங்கியது, முள் பதினாலை விட்டு நகர்ந்தது. அப்போதுதான் பின்னால் நின்ற கடைசி மாடு, முதல் கன்று சுமக்கிற இளசு, கம்பி வழியாகத் தலையை நீட்டி ஹெட்டியின் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்தது. ஹெட்டி ஒரு மூச்சு விட்டது. குளிரில் அந்த மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது, இளசின் மூக்குத் துவாரத்துக்குள் போனது தெரிந்தது. செண்பகவல்லி விரலைத் தளர்த்தினாள்.

‘பதினாலு’ என்றாள். தமிழில் சொல்லிவிட்டாள். ஜென்னி நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி இங்கிலீஷில் சொன்னாள். ஜென்னிக்குக் கணக்கு தெரியும், பண்ணையில் பிறந்தவள், பேனா நின்றது. ‘இன்னொரு தடவை அளந்து பாரும்மா’ என்றார் கொலின் மெதுவாக. அளந்தாள், பதினாலுதான். கொலின் ஹெட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடைசி மாட்டையும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை, இன்றைக்கு ஒன்றுமில்லை. ஜென்னி ஹெட்டியைத் தனியே ஓட்டிக்கொண்டு போனாள்.

அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய தாளைத் தீவனப் பெட்டியின் மேல் விரித்து அவள் எழுதிக்கொண்டிருந்தபோது கொலின் வந்து பக்கத்தில் நின்றார். ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்றார். ‘நான் வச்சேன்.’ கடலையைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘உன் வீட்டுக்காரன் காரியம் முடிஞ்ச மறுநாள் அதுங்க வந்து தட்டு இருந்த இடத்துல முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. மனசு கேக்கல. நானா வச்சேன், யாரும் சொல்லல. ரெண்டு வருஷமா முட்டி மடக்க முடியல, சுவர் வரைக்கும் போனா வழுக்குது. அதான் இங்கனயே.’ கையை நீட்டிக் காட்டினார், மாட்டுத் தீவனத் தொட்டியின் ஓரம். மரச்சட்டம் நகம் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. நாலைந்து மில்லிமீட்டர் தேய்ந்திருக்கும் என்று அவள் கண் பாட்டுக்கு அளந்தது. ‘ஆறு வருஷமாவா?’ என்றாள். ‘அவனோட உக்காந்திருந்த மாதிரி இருக்கும்மா’ என்றார் கொலின். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. தான் இழந்ததாக நினைத்திருந்த அந்தி இத்தனை நாளும் இங்கே தினமும் நடந்திருக்கிறது, தனக்குத் தெரியாமல், தன்னை விட்டுவிட்டு. பொறாமையாகக்கூட இருந்தது. தாளில் ஒரு கேள்வி: பண்ணையில் காட்டு விலங்குகளுக்கு உணவு வைக்கப்படுகிறதா, யாரால்? ஆம் என்று எழுதி, அடுத்த கட்டத்தில் பால்வண்ணன் என்று எழுத்துக் கூட்டி எழுதினாள். அதற்கு முன்னால் செண்பகவல்லி என்று சேர்த்தாள். கொலின் பேனாவை வாங்கித் தன் பெயரைக் கீழே எழுதினார்.

‘கையெழுத்துப் போடப் போறேன்’ என்றார் பிறகு. ‘சொல்லிட்டேனே.’

‘தெரியும்.’

‘கூண்டு எப்ப வரும்?’

‘மூணு வாரம் ஆகும்.’

‘இன்னைக்குச் சாயங்காலம் வைக்கட்டா? இன்னைக்கு ஒரு நாள்?’

‘வேண்டாம் கொலின்.’

‘வந்து நிக்குமேம்மா.’

‘நிக்கும். நானும் வாரேன்.’ காலிப்பரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள், மூடியை இரண்டு தடவை அழுத்தியும் மூடவில்லை. ‘பழைய தகரம் ஒண்ணும் தடியும் எடுத்து வைங்க. கூடக் கத்தறதுக்கு ஜென்னியையும் வரச்சொல்லுங்க.’

கொலினுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தொப்பியைக் கழற்றினார், மழை வழுக்கைத் தலையில் விழுந்தது, துடைக்கவில்லை.

‘எத்தனை நாளைக்கு?’

‘நம்மளக் கண்டா ஓடணும்’ என்றாள் செண்பகவல்லி. ‘அது வரைக்கும்.’